ஒரு சாண் மதகு

செப்டம்பர் 3

என் மீன்காரிக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகிறது. யாரையோ வைத்து எழுதினேன் என்று நினைக்காதே, எல்லாம் என் கைதான்.

ஆமாம், உன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல்தான் இருந்தது. இந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன். சலவைக் கடை அம்மா வாரம் மூன்று நாள் சொல்லித்தருகிறாள். தெருவில் ஒரு போர்டை விடுவதில்லை. ஒரு வருஷமாக நான் தேய்த்துக் குளித்தது துணி சோப்பு என்று உறையைப் படித்துத்தான் தெரிந்தது. "அதான் இப்படி வெளுத்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.

நீ மார்க் அட்டையை நீட்டும்போதெல்லாம், "கண்ணாடியைக் காணோம், நீயே படிச்சுச் சொல்லு" என்பேனே, அது இதனால்தான். கையெழுத்தை மட்டும் படம்போல வரையப் பழகியிருந்தேன்.

அந்தப் படத்தைத்தான் ஏழு வருஷத்துக்கு முன் அணை ஆபீசில் போட்டேன். "எத்தனை வருஷம் மதகு பாத்தீங்கன்னு ஒரு காகிதம், அவ்வளவுதான்" என்றார் அதிகாரி. அதன் நகலை நேற்று பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். 'முப்பத்தொரு வருடப் பணியில் இந்த மதகுக்கு விலாங்கு வந்து நான் பார்த்ததில்லை' என்று இருக்கிறது.

மழைக்காலத்தில் அவை வெள்ளியாக மினுங்கிக்கொண்டு மதகில் முட்டுவதை உனக்குக் காட்டியதே நான். கதவை ஒரு சாண் தூக்குவேன். நழுவிப் போகும். நீ கைதட்டுவாய். அதைப் பார்த்துத்தானே மீன் படிப்பு படிக்கப் போனாய்.

அந்த வருஷம் நீ அனுப்பிய மூன்று கடிதங்களையும் இப்போதுதான் படித்தேன். படித்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. 'காகிதத்தில் பொய் சொன்னவர் காகிதத்திலேயே பதில் சொல்லட்டும், போன் பேச மாட்டேன்' என்கிறது முதல் கடிதம். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் மதகை நிரந்தரமாக மூடப்போகிறார்கள், மாத முடிவுக்குள் நான் ஒரு வரி மறுத்து எழுதினால் தடுத்துவிடலாம் என்று மூன்றாவதில் கெஞ்சியிருக்கிறாய். படிப்பதுபோலப் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்த ஆள், போய் யாரிடம் படிக்கக் கொடுப்பேன்? நலம் விசாரித்திருப்பாய், வேலை அதிகம் என்று எழுதியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்படிக்கு,
அப்பா

செப்டம்பர் 19

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஏழு வருஷம் நம்பியிருந்தேன். படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் படித்துக் காட்டியிருப்பேனே. உங்களைக் குறைவாகவா நினைத்திருப்பேன்?

மதகை மூடியதால் என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். விலாங்கு ஏரியில் முட்டையிடாது. கடலுக்குப் போய் ஒரே ஒரு தடவை இடும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அது ஆணாவதும் பெண்ணாவதும் பெரும்பாலும் வளரும் இடத்தைப் பொறுத்தது. கீழே ஆற்றில் நெருக்கியடித்து வளர்பவை அநேகமாக ஆண். நம் ஏரிபோல இடம் தாராளமாக இருந்தால் பெண். அதாவது, நீங்கள் ஒரு சாண் தூக்கி அனுப்பியவை எல்லாம் தாயாகப் போனவை. அவற்றின் முட்டை முற்றுவதே அந்தப் பயணத்தில்தான். இப்போது போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து மூப்படைகின்றன.

உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் எதை வைப்பது என்று தெரியவில்லை. உடனே வர முடியாது அப்பா. கொஞ்ச நாள் கொடுங்கள்.

உங்கள் மகள்

அக்டோபர் 8

என் மீன்காரிக்கு,

உன் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

விலாங்குகளை நான் பார்த்ததை என் கையாலேயே எழுதி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். இப்போது இருப்பவர் சின்ன வயசுக்காரர். "யார் எழுதிக் கொடுத்தாங்க பெரியவரே?" என்றார்.

"நான்தான். எழுத்தைப் பார்த்தாலே தெரியலையா?"

"இந்த ஃபைலை மூடி ஆறு வருஷமாச்சு."

"மூடினதைத் திறக்கிறதுதான் தம்பி என் வேலையே. முப்பத்தொரு வருஷம் பார்த்தேன்."

சிரித்துவிட்டார். வாங்கி முத்திரை குத்தினார். ஆனால் எதுவும் நடக்கும் என்று நம்பவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இன்று மழை இருட்டு. மதகுக்குப் போனேன். புதுக் காவலாள் உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று எண்ணினேன். பதினாறு. எல்லாம் என் கை நீளத்துக்கு மேல். முட்டி முட்டி மூக்கெல்லாம் புண். இப்படி ஏழு மழைக்காலம் போயிருக்கிறது. அவற்றிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

நீ கேட்ட நாட்களை எடுத்துக்கொள். பதிலுக்காக நான் காத்திருக்கப் போவதில்லை. மழை நிற்கும்வரை வாராவாரம் எண்ணி எழுதுவேன். பார்த்தேன் என்று சொல்ல உனக்கு ஒரு ஆள் வேண்டுமே. குறைந்துபோனால் குறைந்தது என்றே எழுதுவேன்.

அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அப்பா