கட்டைவிரலும் சாவிக்கொத்தும்

10-11-2009, செவ்வாய். விடாத மழை.
சிதம்பரத்து நரம்பு டாக்டர் சொன்னபடி இன்று முதல் குறிப்பு. எனக்கு எழுத்து தெரியாது. சொல்வது நான், எழுதுவது மகள் மல்லிகா. வலிப்பும் அவளுக்குத்தான். வந்து போனால் அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. எனக்கு எல்லாம் இருக்கும்.

டாக்டர் சொன்னது: வலிப்பு மூளையில் ஓரிடத்தில் தொடங்கலாம். மூளையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இணைப்பு ஏராளம். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஒரே தாளத்தில் துடிக்கும். தலையில் வயர் ஒட்டி எடுத்த படத்திலும் அப்படித்தான். உடம்பில் முதலில் துடிப்பது எதுவோ அதை வைத்துத் தொடங்கும் இடம் தெரிந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் காலத்துக்கும் மாத்திரை.

எனக்குப் புரிந்தது. வாய்க்காலில் மடை திறந்து மூடுவதே என் வேலையாக இருந்தது. குறுக்கு வாய்க்கால் அதிகமென்றால் எந்த மடையில் தண்ணீர் புகுந்தாலும் எல்லா வயலும் ஒன்றாய் நிறையும். முதல் மடையைப் பார்த்தவன் ஒருவன் வேண்டும்.

11-11, புதன். தூறல்.
இட்லி. மாத்திரை. இதுவரை வந்தவை மொத்தம் பதினேழு, ஒன்று விடாமல் சொன்னேன். முதலாவது மட்டும் வேறு. பழைய வீட்டுக் கிணற்றடி. கையில் சாவி இல்லை. இடது கட்டைவிரல் தனியே துடித்தது, பிறகுதான் உடம்பு. மற்ற பதினாறிலும் "வருது" என்று அவள் சொன்னதுமே இடது கையில் சாவிக்கொத்தைத் திணித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். விரலை யார் பார்த்தது?

மாப்பிள்ளை முருகன் ஒத்துக்கொள்ளவில்லை.
"இரும்பு குடுக்காம உட்டா நாக்க கடிச்சிப்பா மாமா."
"குடுத்தப்பவுந்தான் ரெண்டு வாட்டி கடிச்சா. கெழம சொல்லட்டா?"
சாவிக்கொத்தைக் கைக்கெட்டும்படி சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

13-11, வெள்ளி. நல்ல வெயில்.
நேற்று குறிப்பு இல்லை. எழுதுகிறவளுக்கே வந்துவிட்டது. காலை பத்தே கால், துணி மடிக்கையில். "வருதுப்பா" என்றாள். மாப்பிள்ளை ஆணிக்கு ஓடினார். ஆணி காலி.
"சாவி எங்க மாமா?"
"அது கெடக்கட்டும். கையப் பாருங்க."
ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். இடது கட்டைவிரல். அது மட்டும். ஆறு எண்ணினேன். பிறகு மணிக்கட்டு, முழங்கை, அப்புறம் மொத்த உடம்பும்.
"கட்டவெரலுதான் மாமா. நானும் பாத்தேன்."

இதை எழுதிவிட்டு மல்லிகா தன் கட்டைவிரலையே பார்க்கிறாள்.
"அத அப்பறம் பாக்கலாம். எழுது."
நாளை டாக்டரிடம். ஏழு மணி பஸ். பீரோவிலிருந்து நல்ல புடவை எடுக்க வேண்டுமாம். சாவி அரிசிப் பானைக்குள். எழுதி முடித்ததும் எடுத்துக்கொள்ளட்டும்.