மைக்கின் முதுகு

என் பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் இடுப்புவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நலம். தொண்டையும் நலம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பார்க்காத பிள்ளைக்கு என் குரலாவது பழகட்டும் என்று தாலாட்டுப் பதிய மைக் வாங்கினேன் அல்லவா? கடையில் இருந்ததிலேயே மலிவு அதுதான். எவ்வளவு கத்திப் பாடினாலும் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோலவே பதிந்தது. குளிர்கிடங்கு வேலையில் குரலே போய்விட்டதோ என்று எனக்கு உள்ளூர உதறல்.

நேற்றும் என் பாட்டு எங்கோ முனகியது. ஆனால் மைக்குக்கு அந்தப் பக்கம் சமைத்துக்கொண்டிருந்த அறைத்தோழர், எலக்ட்ரீஷியன் அண்ணன், "டேய், உப்பு போட்டியா?" என்று என்னைக் கேட்டது மட்டும் கணீரென்று பதிந்திருந்தது! அவரே வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு பக்கந்தான்டா காது. நீ முதுகுக்குப் பாடியிருக்கே!" என்று சிரித்தார். திருப்பி வைத்தேன். என் குரல் அப்படியே இருக்கிறது!

பாட்டை அனுப்பிவிட்டேன். வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. நீயும் போனை அடுப்படியில் வைத்து ஏதாவது பதிந்து அனுப்பு. பாட வேண்டாம். பாப்பா அழட்டும், பாத்திரம் உருளட்டும், நீ என்னைத் திட்டு. எதையும் வெட்டிவிடாதே.

உன் பாட்டுக்காரன்