அப்பா ஹெட்போன் மாட்டிக்கொண்ட நாள்

திருத்துறைப்பூண்டி
22.06.2025

அன்புள்ள அக்கா எழில்மொழிக்கு,

செம்மொழி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீயும் மாமாவும் பையனும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கடை முகவரிக்கு வந்து சேர்ந்தது. யூனுஸ் அண்ணன் பிரிக்காமல் கொடுத்தார். "போன் தர்றேன், பேசும்மா. இந்தக் காலத்துல யாரு லெட்டரு எழுதுறா?" என்று சிரித்தார். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். கடையில் நாலு பேர் முன்னால் அழ வெட்கமாக இருக்கிறது. எழுதியே பேசுவோம்.

வேலை பற்றிக் கேட்டிருந்தாய். மைக்செட் கடைதான். யூனுஸ் அண்ணனின் மனைவி மர்யம் அக்கா பிரசவத்துக்குக் கூத்தாநல்லூர் போனபோது கடையைப் பார்த்துக்கொள்ளத்தான் போனேன். ஆட்டோவில் ஒலிபரப்பும் அறிவிப்பெல்லாம் மர்யம் அக்காதான் பேசுவாராம். ஒருநாள் விதைநெல் கடைக்காரர் வந்து நின்றார், பேச ஆளில்லை. அண்ணன் என்னைப் பேசச் சொன்னார். அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது என்றேன். சரி என்று வெளியே போய்விட்டார்.

அந்த அறை சமையல்கட்டை விடச் சின்னது. சுவரெல்லாம் பழைய ஜமுக்காளம் கட்டியிருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பேசப் பேசத் திரையில் கோடு வளரும். பக்கத்தில் பச்சைப் பட்டை ஏறி இறங்கும், அது சிவப்பைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். முதல் நாள் என் பட்டை எழும்பவே இல்லை. அவ்வளவு மெதுவாகப் பேசியிருக்கிறேன்.

பேச்சுக்குப் பின்னால் ஒலிக்கும் நாதஸ்வரமோ பாட்டோ பென்டிரைவில் வரும். அதை உள்ளே இழுத்துவிட்டால் ஒரு பெட்டி தோன்றி ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். "வலது பக்கம் இருக்கறத அமுக்கு. இல்லேன்னா கம்ப்யூட்டர் ரொம்பிடும்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து தெரிகிறது, பொருள் தெரியவில்லை. எல்லாம் இடத்தை வைத்துத்தான் அடையாளம். நீ போன மறுவாரம் அப்பா என் புத்தகப் பையைப் பரணில் போட்டார். குறை சொல்வதாக நினைக்காதே. கேட்டாய், அதனால் எழுதினேன்.

அப்பா என் குரலை ஆட்டோவில் கேட்டுவிட்டார். வரப்பில் இருந்தவர்கள், "துரைராசு, அது ஒம் பொண்ணுல்ல?" என்றார்களாம். ராத்திரி சாப்பிடும்போது, "கொஞ்சம் நிறுத்திப் பேசு. வயல்ல குனிஞ்சு நிக்கறவனுக்கு வெளங்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

உன் அன்புத் தங்கை,
செம்மொழி


திருப்பூர்
06.07.2025

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடம் பற்றி எழுதியிருந்த இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டேன்.

நிச்சயதார்த்தத் தட்டை வைத்துக்கொண்டு அப்பா வாசலில் நின்றிருப்பார். நான் மாமாவோடு பஸ்ஸில் இருந்தேன். மூன்று வருடமாக அந்த ஒரு காட்சிதான். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். திட்டினாலும் பரவாயில்லை, வைக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒன்று தோன்றியது. பேசுவதைப் பதிவு செய்து அனுப்பினால் பாதியில் வைக்க முடியாது அல்லவா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மாடியில் உட்கார்ந்து போனில் பேசினேன். மூன்று நிமிடம் வந்தது. தையல் மெஷின் சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. மெமரி கார்டில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன்னால் சரி செய்ய முடியுமா? அப்பாவுக்கு மனம் வரும் நேரம் உனக்குத்தான் தெரியும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கேட்கவில்லை என்றால் கேட்டார் என்று எனக்குப் பொய் எழுதாதே.

உன் அக்கா,
எழில்மொழி


திருத்துறைப்பூண்டி
20.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டு பத்திரமாக வந்தது. கம்ப்யூட்டருக்குள் இழுத்துவிட்டேன். பெட்டி வந்தது, வழக்கம்போல் அமுக்கினேன், உன் கோடு திரையில் விரிந்தது. நீ பேச ஆரம்பிக்கும் முன் கொஞ்ச நேரம் வெறும் மெஷின் சத்தம் மட்டும் இருந்தது. அந்தத் துண்டைக் காட்டி, 'இதுதான் இரைச்சல்' என்று சொல்லிக்கொடுத்தால் மற்ற இடங்களிலும் அதைக் குறைத்துவிடும். ரொம்பக் குறைத்தால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போலாகிறது. குறைத்து, கேட்டு, திரும்பக் கூட்டி, நான்கு நாள் ஆனது. இப்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது.

அப்பா நெஞ்சு அடைப்பதாகச் சொல்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் வயலை விட்டு வருவதில்லை. நேற்று கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, "அக்கா பேசி அனுப்பியிருக்குப்பா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு போனார். திட்டவில்லை, அக்கா.

உன் அன்புத் தங்கை,
செம்மொழி


திருத்துறைப்பூண்டி
03.08.2025

அக்காவுக்கு,

எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன்.

வியாழக்கிழமை அப்பா தானாகவே கடைக்கு வந்தார். உரம் வாங்க வந்தவர் போல மூட்டையை வாசலில் சாய்த்து வைத்தார். "எங்கடி, அவ பேசுனது?" என்றார். "நாலு பேரு கேக்கற மாதிரி வேணாம்." அறைக்குள் கூட்டிப்போய் ஹெட்போனை மாட்டிவிட்டேன். சட்டைப் பையைத் தடவிச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் கோடு இல்லை. கோடு வரும் பட்டை வெறுமையாக இருந்தது, ஓடும் இடத்தைக் காட்டும் கம்பி மட்டும் அதன் மேல் நகர்ந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன். மூன்று நிமிடமும் முடிந்தது. கழற்றி, ஒயரைச் சுற்றி, மேசையில் மெதுவாக வைத்தார்.

"ஒண்ணுமில்லியே" என்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவளுக்கு எங்கிட்ட பேச ஒண்ணுமில்ல போல." மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகுதான் யூனுஸ் அண்ணன் பார்த்துச் சொன்னார். அந்தப் பெட்டி, பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்குமாம். நான் வேண்டாம் என்று அமுக்கியிருக்கிறேன். அதனால் நான்கு நாள் நான் சரி செய்ததும் கார்டில் இருந்த குரலைத்தான், கார்டில் அது இருக்கும்வரைதான் கம்ப்யூட்டரிலும் இருக்கும். புதன்கிழமை ஆட்டோக்கார ஜெக்கரியா அண்ணன் அவசரமாகக் கார்டு கேட்டார். தட்டில் கிடந்ததை எடுத்து, எல்லாவற்றையும் அழித்து, மாட்டு ஊசி முகாம் அறிவிப்பைப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஒரே கறுப்புக் கார்டு, அக்கா.

உன் போனில் இருக்கிறதா? இருந்தால் உடனே அனுப்பு.

செம்மொழி


திருப்பூர்
12.08.2025

செம்மொழிக்கு,

போனில் இல்லை. பையனைப் படம் எடுக்க இடமில்லாமல், கார்டில் போட்ட அன்றே அழித்துவிட்டேன். இரண்டு முறை மறுபடி மாடியில் உட்கார்ந்தேன். வரவில்லை. அன்றைக்கு எங்கிருந்தோ வந்த பேச்சு அது.

உன் மேல் கோபம் இல்லை. அப்பா மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தார் என்று எழுதினாயே, அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன், நேரில் வருகிறேன். வாசலோடு திருப்பி அனுப்பினாலும் வருகிறேன்.

அதற்குள் நீ ஒன்றே ஒன்று செய். அழிந்தது உன் கையால் என்று அப்பாவிடம் சொல்லிவிடு. நான் வெறும் கார்டை அனுப்பினேன் என்று அவர் ஒரு நாள் கூட நினைக்கக் கூடாது. பயப்படாதே, அடிக்க மாட்டார்.

உன் அக்கா


திருத்துறைப்பூண்டி
14.09.2025

அக்கா,

நீ திருப்பூர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. கூட்டத்தில் நாம் பேசிக்கொள்ளவே முடியவில்லை. சில விஷயங்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் இறந்த காலையில் நான் கடையில்தான் இருந்தேன். சாமிதுரை பெரியப்பா யூனுஸ் அண்ணனுக்குப் போன் செய்து துயர அறிவிப்புக்கு விவரம் சொன்னார். அண்ணன் எழுதி முடித்துவிட்டு, தாளை என்னிடம் கொடுக்க முடியாமல் நின்றார். "நான் பேசிக்கறேன்மா, நீ வீட்டுக்குப் போ" என்றார். நானே பேசுகிறேன் என்று வாங்கிப் பார்த்தேன். மனைவி மலர்க்கொடி, மகள் செம்மொழி என்று இரண்டே பெயர்தான் இருந்தது.

அப்பா சொன்னபடி நிறுத்தி நிறுத்திப் பேசினேன். 'மூத்த மகள் எழில்மொழி, மருமகன் இனியவன், பேரன்' என்று சேர்த்தேன். ஒரே தடவைதான், திரும்பப் பதியவில்லை. அண்ணன் கேட்டுவிட்டு உனக்குப் போன் செய்யப் போனார்.

ஆட்டோ நம் தெருவுக்கு வந்தபோது பெரியப்பா கத்தினார். "யாரக் கேட்டுடி அவ பேரச் சேத்த?" அம்மாதான், "பேரு நாலு ஊருக்குப் போயிடுச்சு. இனிமே அவ வராம எடுத்தாத்தான் ஊரு சிரிக்கும். இருங்க, வரட்டும்" என்றாள். அதனால்தான் நான்கு மணிக்கு எடுக்க வேண்டியதை ஐந்தரை வரை வைத்திருந்தார்கள். நீ வந்தாய், வாய்க்கரிசி போட்டாய். யாரும் உன்னைத் தடுக்கவில்லை.

அப்போது என் காதருகில் குனிந்து, "அப்பாகிட்ட சொன்னியாடி?" என்று கேட்டாய். தலையாட்டினேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

நான் சொல்லவில்லை, அக்கா.

உன் கடிதம் வந்த பிறகு இருபது நாள் இருந்தது. தினமும் அவருக்குச் சோறு போட்டேன். தினமும் மனசுக்குள் அந்த வாக்கியத்தைச் சரி செய்து வைப்பேன், அவர் எழுந்து போய்விடுவார். அடிப்பார் என்று பயப்படவில்லை. 'இதுக்குத்தான் வேலைக்குப் போறியா' என்று நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். உன்னால் ஒரு முறை எனக்கு எல்லாம் நின்றது, திரும்பவும் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இருந்ததை உன்னிடம் மறைக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இரைச்சலை எடுக்க நான்கு நாளும் உன் பேச்சைக் கேட்டேன். அது எனக்கு முழுவதும் மனப்பாடம். "அப்பா, ஒங்க கோவம் எனக்கு வேணும், நீங்க பேசாம இருக்கறதுதான் தாங்கல" என்று நீ சொல்லி நிறுத்தும் இடம் வரை தெரியும். கோடு இல்லாவிட்டால் என்ன, அன்றைக்கு அந்த அறையில் அவர் எதிரே உட்கார்ந்து என் வாயாலேயே சொல்லியிருக்கலாம். அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

பதில் எழுது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ பேசி அனுப்பியதையெல்லாம் மறக்கும் முன் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

செம்மொழி