சோகைத் தீக்கு அந்தப் பக்கம்

அக்கா,

கொடியில் காயப் போட்ட வெள்ளைத் துண்டில் இன்று காலை கரி விழுந்து கிடந்தது. தொட்டதும் பொடிந்து விரலில் மையாக ஒட்டிக்கொண்டது. வீரபாண்டிப் பக்கம் யாரோ கரும்பு வெட்டிய தோட்டத்தில் காய்ந்த இலைச் சோகையை எரிக்கிறார்கள். அந்த வாசம் ஏறியதும் உங்களிடம் பேச வேண்டும் போல இருந்தது.

எழுபதுகளின் நடுவில், அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாம் இருவரும் ஒரே வரப்புக்கு இரண்டு பக்கமும் கரும்பு வைத்திருந்தோம். அந்த வருடம் வெட்டு தள்ளிப்போய் ஆனி வந்துவிட்டது. வெட்டி முடித்த எங்கள் தோட்டத்தில் காய்ந்த சோகை முழங்கால் உயரம் கிடந்தது. எரித்தால் எலியும் பாம்பும் போகும், வெட்டிய தூரிலிருந்து கரும்பு மறுபடி நன்றாகத் துளிர்க்கும் என்பார்கள். "பத்து ஆளு வேலைய ஒரு தீக்குச்சி பாத்துரும்" என்பார் என் வீட்டுக்காரர்.

அன்று நாம் மேற்கே கிணற்றடியில் இருந்தோம். என் கைக்குழந்தை கிழக்கு வரப்பில் புங்கமரத்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வீட்டில் விட்டு வந்திருப்போம் என்று நினைத்து அவர் தீ வைத்தார். வைத்த கொஞ்ச நேரத்தில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கியது. தீ நடக்கவில்லை அக்கா, ஓடியது.

"அய்யோ, எம் பிள்ள!" என்று ஓடினேன். அனல் முகத்தில் அடித்துக் கீழே தள்ளியது. அவர் என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நீங்கள் கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் சேலையோடு முங்கி எழுந்து, உங்கள் தோட்டத்து ஓரமாகப் போன வாய்க்காலுக்குள் குனிந்து ஓடினீர்கள். புகை மூடிவிட்டது. அதற்குள் இன்னும் வெட்டாமல் நின்ற உங்கள் கரும்பும் பற்றிக்கொண்டு படபடவென்று வெடித்தது. நான் இரண்டு பேரையும் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தீக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வந்தது.

"ஏத்தா, பிள்ள அழுகுது, கேக்குதா? அழுதா உசுரு இருக்குன்னு அர்த்தம்!"

உங்கள் புருவம் கருகிப் போயிருந்தது. மறுநாள் இருமலோடு வந்து அவரிடம் சொன்னீர்கள்: "இனி இங்கன தீ வைக்கணும்னா மொதல்ல எங் கட்டையில வைங்க." அன்று முதல் சோகையைக் கரும்பு வரிசைகளுக்கு நடுவே பரப்பி மட்க விட்டோம். ஊரே சிரித்தது.

மற்றவர்கள் எரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாசியில் புகை கிளம்பினால் நீங்கள் சன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளையை மடியில் வைத்து ஈரத்துணியால் மூடிக்கொள்வீர்கள். "புகை மேல போயிருச்சுக்கா" என்று நான்தான் தேற்றுவேன். உங்கள் இருமல் கடைசி வரை நிற்கவே இல்லை.

நீங்கள் தூக்கி வந்த பிள்ளையின் மகள் இப்போது விவசாயம் படிக்கிறாள். அந்தப் புகையும், அள்ளி அள்ளிப் போடும் யூரியாவிலிருந்து கிளம்பும் வாயுவும் வானத்தில் தங்கிப் பூமியைச் சூடாக்குகின்றன என்கிறாள். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. மேலே போய்த் தொலைந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்? அன்று நீங்கள் ஓட ஒரு வாய்க்கால் இருந்தது. இந்தச் சூட்டிலிருந்து இந்தப் பிள்ளைகளை எந்தப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

மதியம் மனது கேட்காமல் அந்தத் தோட்டத்துக்கே போனேன். அடுத்த பாத்திக்குத் தீ வைக்கத் தயாராக நின்றார்கள். "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வரப்பைச் சுற்றி நடந்தேன். "உள்ள ஆரும் இருக்கீகளா?" என்று கத்தினேன். ஒருவர் சிரித்தார். "ஆருமில்ல ஆத்தா, வீட்டுக்குப் போங்க" என்றார்.

தோட்டத்துக்குள்ளிருந்து பதில் வரவில்லைதான். ஆனாலும் இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் வழிவிட்டேன் அக்கா.