சின்னப் படியில் அளந்த மூச்சு

பாப்பாரப்பட்டிச் சீமையைக் கட்டி ஆளும் மாதம்மாளுக்கு, மஸ்கட்டில் கிரானைட் அறுக்கும் உன் வூட்டுக்காரன் முனிரத்தினம் எழுதுவது. நான் மலைபோல் நலம். உன் முழங்காலும் சினை ஆடும் எப்படி இருக்கின்றன? இங்கத்திய சேதியைப் போனில் சொன்னால் உன் கண்ணீரில் டவரே மூழ்கிப்போகும். அதனால் லீவில் ஊருக்கு வரும் என் கூட்டாளி கதிரவன் கையில் இந்தக் கடிதம்.

கம்பெனியில் எங்களுக்கு நுரையீரல் சோதனை வைத்தார்கள். குழாயில் நான் ஊதிய ஊதலுக்குத் தீர்த்தமலையே இரண்டடி நகர்ந்திருக்கும். ஆனால் டாக்டரம்மா, நம் அரூர்க்காரர்தான், முகம் சுளித்தார்.

"இந்தியக்காரங்களுக்குன்னு இருக்கிற அளவுல நீங்க பாஸுங்க. எல்லா நாட்டுக்கும் பொதுவான அளவுல மூச்சு கொறச்சல்."

"நம்மாளுக்கு மட்டும் ஏனுங்க சின்னப் படி?"

"நம்மாளுங்க ஊதுனது சராசரியா கம்மிங்க, அத வெச்சுப் போட்ட கணக்கு அது. கொறையறது ஒடம்புவாகுலயா, புகை தூசியிலயான்னு அதுக்குத் தெரியாது."

சின்னப் படிக்கு நான் நிரம்பி வழிகிறேன், பெரிய படிக்குப் போதவில்லை. மூச்சு என்னவோ ஒன்றுதான். பாஸ் போட்டால் மறுபடி கல்தூசியில் நிற்பேன் என்று அவர் பொது அளவையே எடுத்துக்கொண்டார். மறுசோதனைவரை என்னை ஸ்டோருக்கு மாற்றச் சொல்லிவிட்டார். இப்போது நான் போல்ட்டு நட்டுகளின் மகாராஜா.

அரியணையில் உட்கார்ந்து யோசித்தேன். அந்தச் சின்னப் படிக்காக ஊதியவர்களில், உன்னைப்போல் விறகடுப்பையும் ஊதியவர்கள் எத்தனை பேரோ!

பரணிலிருக்கும் கேஸ் அடுப்பை இறக்கிவிடு. கதிரவன் திரும்பும்போது கொஞ்சம் கொள்ளுப்பொடி கொடுத்தனுப்பு. அவனை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போக வந்த வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், இன்னும் ஒன்றுதான்: போனில் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருமாதே. எனக்குக் கேட்கத்தான் செய்கிறது.

உன்
முனிரத்தினம்