கறுப்பு உடுத்தாத பாட்டு

அக்கா,

இன்று நான் வேலை செய்யும் சலவைக் கடைக்கு ஒரு பாடகர் குழுவின் கறுப்புக் கோட்டுகள் வந்தன. நீராவி பட்டதும் எழுந்த கம்பளி வாடையில் உங்கள் நினைவு வந்தது. அழுகை வரவில்லை. நீங்கள் போனதிலிருந்து எனக்கு ஒன்றுமே வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், நாம் முதன்முதல் சந்தித்த அகதிகள் விடுதியில் நீங்கள் எழுதிய கவிதைகளை நான் அரைகுறை ஜெர்மனில் சொல்ல, பக்கத்துத் தெருப் பியானோ ஆசிரியை அவற்றைக் கோத்து ஒரு பாடல் வரிசை ஆக்கினார். எங்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று நடந்த கூட்டத்தில் பாடுவதற்கு. நாங்கள் வந்திறங்கிய கிழக்கு பெர்லின் விமான நிலையம், ரயிலில் பொலிஸ், விடுதிச் சூப் எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பாட்டு, ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போன உங்கள் கணவருக்கு. “பனி கொட்டும், சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வாருங்கள்” என்று எழுதியிருந்தீர்கள்.

அவர் இறந்துவிட்டார் என்று சொன்னால் தஞ்சம் கேட்ட அசூல் வழக்குப் பலமாகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நம்மவர்களும் அதையே சொன்னார்கள். உங்களுக்கு அறிவுரை சொல்ல மட்டும் ஆட்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. நீங்கள் பொட்டைக்கூடச் சின்னதாக்கவில்லை.

கூட்டத்தன்று தேவாலய மண்டபத்தில், பாட வந்த ஜெர்மன் பாடகரும் ஆசிரியையும் கறுப்பில் நிற்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

“ஏன் பிள்ளை, இவையள் கறுப்பு உடுத்திருக்கினம்?”

“கச்சேரிக்கு அப்பிடித்தான் உடுப்பினம், அக்கா.”

“பக்கத்து வீட்டுக் கிழவன்ர செத்த வீட்டுக்கும் இப்பிடித்தானே உடுத்தவை. கறுப்போட நிண்டு அவரைப் பாட ஏலாது. அவர் செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது?”

மண்டபம் நிறைந்திருந்தது. உங்களைத் திருப்பி அனுப்பாமல் காக்க வந்த சனம். எனக்கு உள்ளூர எரிச்சல்தான். ஆனாலும் நீங்கள் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். பாடகர் உங்கள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு, வரும்போது போட்டிருந்த முழங்கை கிழிந்த பச்சைச் சுவெட்டரை மாட்டிக்கொண்டார். ஆசிரியை என் மஞ்சள் சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நீங்கள் தமிழில் வாசித்தீர்கள். கடைசிப் பாட்டைப் பாடகர் இழுத்து அழாமல், வீட்டு வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிடுவது போலப் பாடினார். பாட்டு முடிந்து சனம் கைதட்டியது. நீங்கள் என் காதருகே, “செத்த வீட்டுப் பாட்டில்லை எண்டு அவைக்கு விளங்கினதோ?” என்று கேட்டீர்கள். “ஓம் அக்கா” என்றேன். எல்லோருக்கும் விளங்கியதா என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. உங்கள் கணவர் வரவில்லை. சண்டை முடிந்த பிறகும் வரவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக அவரைப் பற்றிக் கேட்பதை விட்டோம்.

போன கிழமை, உங்கள் இறுதிச் சடங்கை ஒழுங்கு செய்யும் ஜெர்மன்காரர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார்: “இவர் விதவைதானே?”

“இல்லை” என்றேன்.

அக்கா, நான் முகம்கூடக் கண்டிராத அந்த மனிதருக்காக இனிக் காத்திருக்க நான் ஒருத்திதான் மிச்சம்.