அடுத்த இதழில் போடுவோம் என்றாய்

இன்று காலை பிரிட்ஜ் கதவை அறைந்து மூடினேன். மின்சார பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தப் பொம்மை விழுந்து உடைந்தது. ரோமிலிருந்து நீ கொண்டுவந்தது. குட்டைச் சட்டை போட்ட ஒரு மனிதன், தோளில் பிக்காசு, கையில் விளக்கு. விளக்குப் பிடித்த கை மட்டும் தெறித்து அடுப்புக்குக் கீழே போய்விட்டது.

மற்றவர்களுக்கெல்லாம் செபமாலையும் சாக்லேட்டும் கொடுத்தாய். "எனக்கு மட்டும் குழிவெட்டியாடா?" என்று கேட்டேன்.

"மரியாதையாக் கதை மச்சான். குழி வெட்டுறவன்தான், ஆனா ஆதிச் சபையில பதவி உள்ள ஆள். உன்னமாதிரிக் கவிதை எழுதித் திரியிறவனுக்கு அங்க ஒரு பதவியும் இல்ல."

அதுதான் உன் படிப்பு. ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளை எப்படி அடக்கம் செய்தார்கள் என்பது. மட்டக்களப்பு வாவியில் வலை இழுத்தவரின் மகன் புலமைப்பரிசில் எடுத்துப் போய், இலத்தீனும் கிரேக்கமும் கற்று, நிலத்தடிக் கல்லறைகளில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு திரும்பினாய். பிணம் புதைக்கும் சேமக்காலையைப் பற்றிப் படிக்க வெளிநாடு போனவன் என்று ஊர் சிரித்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக விரிவுரையாளர் வேலை ஒன்று தந்தார்கள். உன் ஆய்வைப் பற்றிக் கேட்டவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இங்கே எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "நிரந்தரம் எப்ப?"

பிறகு கொரோனா வந்தது. அதில் இறந்தவர் எந்த மதமானாலும் எரிக்க வேண்டும் என்றது அரசு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள், "எங்கள் மனிதரை மண்ணில் வைக்க விடுங்கள்" என்று அழுதார்கள். எரித்தார்கள். நம் ஆட்கள் வாய் திறக்கவில்லை. உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்பின் காயம் ஆறாத நேரம் அது. உன் அக்காவின் சின்ன மகள் அதில்தான் போனாள். சிலர் செய்ததற்கு ஒரு சமூகம் முழுவதும் அனுபவிக்கட்டும் என்ற எண்ணம் நம் கோயில் வாசல்களில் நன்றாகவே உலாவியது.

நான் கேட்காமலே, கல்லடிப் பாலத்தில் நின்று நீயாகச் சொன்னாய்: "உன்ட சஞ்சிகைக்கு ஒண்டு எழுதப்போறன். அந்தக் காலத்து ரோமில ஏழை செத்தா பொதுக்குழியில எறிவாங்க. எங்கட ஆக்கள் முதல்ல தங்கட ஏழைகள அடக்கினாங்க. பிறகு ஆரெண்டு பாராமலும் அடக்கினாங்க. சபை வளந்தது பிரசங்கத்தால மட்டும் இல்ல மச்சான்."

எழுதியும் தந்தாய். உன் எழுத்தில் அடிக்குறிப்பே இல்லாத ஒரே கட்டுரை. அச்சுக்குக் கொடுக்கும் நாளில் எனக்குப் போன் எடுத்தாய்.

"அத நிப்பாட்டு மச்சான்."

"ஏன்?"

"நிரந்தர வேலைக்கு நேர்முகம் வருது. தெரிவுக்குழுவில இரிக்கிற ஆக்கள உனக்குத் தெரியுந்தானே. அம்மாவும் அழுறா. 'போன புள்ளைக்கு ஒரு வரி எழுதினியா மனே, அவங்களுக்கு எழுதப் போறியே' எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

"அப்ப ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவனுக்கு மட்டும் அழு. அதுக்குத்தானே உனக்குப் பட்டம் தந்தது."

நீ கோபப்படவில்லை. "அடுத்த இதழ்ல போடுவம். கொஞ்சம் பொறு" என்றாய்.

அந்தப் பக்கத்தில் வாவி நிலவைப் பற்றிய கவிதை ஒன்று வந்தது. அன்று நான் சொன்னது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. அவருக்கு இலத்தீன் தெரியாது, அமைச்சரைத் தெரியும். உன் மௌனத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் உனக்கு ஒன்றும் தரவில்லை.

பிறகு புதைக்கலாம் என்றார்கள், ஆனால் ஓட்டமாவடியில் ஒரே ஓர் இடத்தில். அடுத்த கொரோனா அலையில் நீயும் இறந்துபோனாய். எரிப்பதா, புதைப்பதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது உன் அம்மா, "என்ட புள்ளைய மண்ணில வைக்கணும்" என்றார்.

ஓட்டமாவடியில் பெக்கோ இயந்திரம் வெட்டிய குழிகள் வரிசையாகக் கிடந்தன. குருவானவர் வரவில்லை. தலை முதல் கால்வரை வெள்ளைக் கவசம் போட்ட அவ்வூர் முஸ்லிம் பொடியன் ஒருவன் கிட்டே வந்து, "உம்மா, உங்கட செபம் ஏதும் இரிந்தாச் சொல்லுங்க. நாங்க நிக்கிறம்" என்றான். அம்மாவால் முடியவில்லை. கடவுளை விட்டு வெகுகாலமான நான் தொடங்கி, பாதியில் மறந்துபோய் நின்றேன். முடிந்துவிட்டதா என்று அவன் கேட்கவில்லை. தலை குனிந்தபடி நின்றான்.

கடைசியில் அம்மா கேட்டார்: "ரெண்டு பக்கமும் ஆரு தம்பி?"

"இஞ்சால காத்தான்குடி வாப்பா ஒராள். அங்கால கொழும்பு உம்மா ஒராள்."

அம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்ப புள்ள தனிய இல்ல" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை அவரை மோட்டார் சைக்கிளில் அங்கே கூட்டிப்போகிறேன். உன் மேட்டில் புல் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கத்து மேடுகளிலும் பிடுங்குகிறார். "கொழும்பிலயிரிந்து அந்த ஆக்கள் அடிக்கடி வரேலுமா? நீயும் குனிஞ்சு புடுங்கன். கவிதை எழுதுற கை நோகுமாக்கும்."

போன மாதம் உன் கட்டுரையைக் கொண்டுபோனேன். இன்று அதை அச்சிட்டால் ஒருவரும் எதிர்க்கமாட்டார்கள். அதனாலேயே எனக்குக் கூச்சம். அங்கே உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொதுக்குழி வரும் இடத்தில் புல் பிடுங்குவதை நிறுத்தினார். முடிந்ததும் மண் ஒட்டிய கையால் அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதையா எழுதினவன்? அப்பவே எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்கலாமே மனே. நான் போட வேணாம் எண்டிருப்பனா?"

நாம் இருவரும் நிறையப் படித்தவர்கள். அவருடைய அழுகையைத் தடையாகப் பார்த்தோம். ஒரு பின்னேரம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க நம் இருவருக்கும் தோன்றவில்லை.

உடைந்த கையைத் தேடி எடுத்து ஒட்டிவிட்டேன். விளக்கு கோணலாகத்தான் நிற்கிறது. 'போட வேணாம் எண்டிருப்பனா' என்ற அம்மாவின் கேள்வி உனக்கு வரவேண்டியது, மச்சான். நீ இல்லாததால் நான் வாங்கிக்கொண்டேன். இன்னும் கீழே வைக்க முடியவில்லை.